அவள் கையிலுள்ள கம்பைப் பிடுங்காதீர்!

மாலை நேரம். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் புழுதியைக் கிளப்பியவண்ணம் ஓடுகின்றன. சாலையிலிருந்து சற்றே விலகி ஒரு பொட்டல். பொட்டலின் ஓரத்திலே இரண்டு புளியமரங்கள். நடுவிலே முப்பது பிள்ளைகள். முப்பது கைகளிலும் மூங்கிற்கம்புகள். ‘விர்... விர்...’ என்று காற்றைக் கிழித்துச் சுழல்கின்றன! காலடி மாறுகிறது, கம்பு திரும்புகிறது, வெட்டு வருகிறது, வந்த வெட்டைத் தடுப்பு வாங்கிக்கொள்கிறது.

பெரம்பலூர் மாவட்டமும் அரியலூர் மாவட்டமும் கைகோக்கும் எல்லையோரச் சிற்றூர் ஒன்றிலே, கூட்டம் பேசப் போயிருந்தபோது நான் கண்ட காட்சி இது. முப்பது பேரிலே பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். பாவாடை தடுக்குமென்று மூலையிலே உட்காரவைக்கப்பட்டவளின் பேத்தி, காற்சட்டை அணிந்து கம்பு சுழற்றுகிறாள்! பார்த்தேன், பூரித்தேன். பக்கத்திலே நின்ற சிலம்ப வாத்தியாரிடம், “இதைவிடச் சீர்திருத்தக் கூட்டம் வேறு வேண்டுமா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

“அண்ணே, இவுங்க எல்லாரையும்விட நல்லாச் சுத்துற பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. ஆறு வருசம் எங்கிட்டக் கத்துச்சு. மாநிலப் போட்டிக்குப் போக வேண்டிய புள்ள. ரெண்டு மாசமா வீட்டை விட்டு வெளிய விடல” என்றார்.

“ஏன்? உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லண்ணே. மனசுக்குத்தான்” என்று சொல்லி, எதிர்ப்பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே ஓர் இளைஞன் இரட்டைக் கம்பு சுழற்றிக்கொண்டிருந்தான். பெரம்பலூரிலே மோட்டார் பட்டறையில் வேலை, மாலையிலே களம். வயது 22. அவளுக்கு 20. உடன் பயின்றவர்கள். கம்போடு கம்பு மோதிய இடத்திலே கண்ணோடு கண்ணும் மோதிவிட்டது. செய்தி ஊருக்குத் தெரிந்தது. தெரிந்த அன்றே அவள் கம்பைப் பிடுங்கினார்கள்.

கவனியுங்கள், தோழர்களே! இருவர் காதலித்தார்கள். ஒருவர் கையிலிருந்த கம்பு மட்டும் பிடுங்கப்பட்டது. அவன் அன்று மாலையும் களத்துக்கு வந்தான். நான் பார்த்த மாலையும் வந்திருந்தான். அவனை யாரும், “வீட்டிலே இரு” என்று சொல்லவில்லை. காதல் குற்றமென்றே வைத்துக்கொள்வோம். அந்தக் குற்றத்துக்குத் தண்டனை ஏன் ஒருத்திக்கு மட்டும்? இதைத்தான் அன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதைத்தான் எழுதவும் போகிறேன்.

பட்டணத்துப் பிள்ளைகள் இதற்கு ‘டேட்டிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலே ‘பழகுறாங்க’ என்பார்கள். பெயரைக் கேட்டதுமே, “ஐயகோ! மேல்நாட்டுச் சீரழிவு நம் மண்ணிலும் நுழைந்ததே!” என்று மார்பில் அடித்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. மேல்நாட்டிலிருந்தா வந்தது? தொல்காப்பியத்தைப் புரட்டட்டும். களவியல் என்று தனி இயலே இருக்கிறது. அதன் பின்னர்தான் கற்பியல். தினைப்புனம் காக்கப் போன பெண்ணும், அவ்வழி வந்த ஆணும் கண்டு காதல் கொண்ட கதையை வெட்கமின்றி, விரசமின்றிப் பாடிய இனம் இது. ஊர் வாயிலே எழும் வம்புப் பேச்சுக்கு ‘அலர்’ என்று அழகான பெயரிட்டவர்கள் நாம். அலர் எழுந்ததும் தாய் மகளை வீட்டுக்குள் பூட்டிவைப்பாளே, அதற்கும் பெயர் உண்டு — இற்செறிப்பு. தோழி முன்வந்து, “இவள் நெஞ்சம் இன்னாரிடம்” என்று பெரியவர்களிடம் எடுத்துரைப்பதற்கும் பெயர் உண்டு — அறத்தொடு நிற்றல்.

எண்ணிப் பாருங்கள்! அந்தச் சிற்றூரிலே நடந்ததற்குப் புதிய பெயர் தேடவேண்டிய தேவையே இல்லை. தினைப்புனம் இருந்த இடத்திலே மக்காச்சோளக் கொல்லை. பரண் இருந்த இடத்திலே சிலம்பக் களம். அலர் அப்படியே இருக்கிறது. இற்செறிப்பும் இருக்கிறது. காணாமற்போனது ஒன்றுதான் — அறத்தொடு நிற்க ஒருவர் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரும் அரியலூரும் இருக்கின்றனவே, அவற்றின் கதை தெரியுமா? 1995-இலே திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்து இரண்டும் ஒரே மாவட்டமாகக் குடித்தனம் தொடங்கின. 2001-இலே பிரித்தார்கள். 2002-இலே மறுபடியும் சேர்த்துவைத்தார்கள். 2007-இலே மீண்டும் பிரித்தார்கள். கோட்டையிலே கையெழுத்து விழுந்தால் ஊர்கள் சேரலாம், பிரியலாம், மறுபடி சேரலாம், மறுபடி பிரியலாம். எவர் மானமும் போகவில்லை. எவர் மீசையும் துடிக்கவில்லை. பெரம்பலூர்ப் பையன் ஒருவனும் அரியலூர்ப் பெண் ஒருத்தியும் சேர நினைத்தால் மட்டும் வானம் இடிந்து விழுகிறதாம்!

வானம் இடியாது. ஆனால் அரிவாள் விழும். அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

அரியலூரைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டை. முருகேசன், கண்ணகி என்று இருவர். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பயின்றவர்கள். அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பிலே பிறந்தவர். அவள் வேறு சாதி. 2003 மே மாதம் கடலூரிலே பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், ஊரார் கண்முன்னே, இருவருக்கும் நஞ்சு புகட்டப்பட்டது; உடல்கள் எரிக்கப்பட்டன. 18 ஆண்டுகள் கழித்து, 2021-இலே கடலூர் நீதிமன்றம் பெண்ணின் அண்ணன் உள்ளிட்டோரைக் குற்றவாளிகள் என்றது. 2025-இலே உச்சநீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 2015-இலே கோகுல்ராஜ் என்ற பொறியியல் மாணவர் உடன்பயின்ற பெண்ணோடு திருச்செங்கோட்டுக் கோயிலிலே பேசிக்கொண்டிருந்தார். பேசியதற்கே கடத்தப்பட்டார், கொல்லப்பட்டார். திருமணம்கூட இல்லை, தோழர்களே, பேச்சு! 2022-இலே அந்த வழக்கில் ஆயுள் தண்டனை விழுந்தது.

ஆகவே அந்தப் பெண்ணின் தந்தை அஞ்சினார் என்றால், அவரை நான் ஏளனம் செய்யமாட்டேன். அவரைப் போய்ப் பார்த்தேன். திண்ணையிலே உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “தம்பி, நீங்க மேடையில பேசிட்டு, மாலையை வாங்கிக்கிட்டு, கார்ல ஏறிப் போயிடுவீங்க. நாளைக்குக் காலையில இந்தத் தெருவுல நடக்கப்போறது நான்.”

எதிர்க்கட்சி மேடையிலே என்னை நோக்கி வீசப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் அடுத்த கணமே பதில் சொல்லியிருக்கிறேன். அந்தத் திண்ணைக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டின் எரவாணத்தைப் பார்த்தேன். அவள் கம்பு அங்கே செருகிக் கிடந்தது. தரையிலிருந்து நெற்றியளவு பார்த்து வெட்டிய கம்பு; பிடிக்கும் இடத்திலே கைபட்டுக் கைபட்டு மெருகேறியிருந்தது. ஆறு ஆண்டு உழைப்பு, ஓலைக்கும் சுவருக்கும் நடுவே ஒட்டடை பிடித்துக்கொண்டிருந்தது.

கம்பு என்ன செய்தது? களம் என்ன செய்தது? காதல் களத்திலே பிறந்ததால் களத்தைத் தண்டிப்பது என்ன நீதி? கல்லூரியிலே பிறந்தால் கல்லூரியை மூடுகிறோமா? பேருந்திலே பிறந்தால் பேருந்தைக் கொளுத்துகிறோமா? இன்று சிலம்பம் திருவிழா வேடிக்கை அன்று. தமிழ்நாட்டு அரசு வேலைகளிலே விளையாட்டு வீரருக்கென ஒதுக்கப்பட்ட 3 விழுக்காட்டுப் பட்டியலிலே சிலம்பமும் இடம் பெற்றிருக்கிறது. அந்தக் கம்பு அவளுக்கு வேலை. அந்த வேலை அவளுக்குச் சொந்தக்கால். சொந்தக்காலில் நிற்கும் பெண்ணிடம், “இவனைக் கட்டு, அவனை விடு” என்று எவரும் எளிதிலே சொல்லிவிட முடியாது. அதனால்தான் கம்பு முதலிலே பிடுங்கப்படுகிறதோ என்றுகூட எனக்கு ஐயம் உண்டு.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமல்ல. யூடோ பிறந்த சப்பான் நாட்டிலே கெய்கோ ஃபுகுடா என்று ஒரு பெண்மணி. 1935-இலே, கானோ சிகோரோ நிறுவிய கோடோகான் பள்ளியின் மகளிர் பிரிவிலே சேர்ந்தார். திருமணப் பேச்சு வந்தது. மணம் செய்துகொண்டால் யூடோவை விடவேண்டும் என்று அறிந்தார், மணத்தை விட்டார். அப்படித் துறந்தவருக்கும் பள்ளி பெண் என்பதற்காகப் படியேற்றத்தை நிறுத்தி வைத்தது. ஐந்தாம் படியிலேயே பல்லாண்டு நின்று, 1972-இலேதான் ஆறாம் படி. 2011-இலே, 98-ஆம் வயதிலே, அமெரிக்காவிலே பத்தாம் படி பெற்றார், 2013-இலே மறைந்தார். வீரம்தான், தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த ஆண்மகனிடமாவது, “கம்பா, கல்யாணமா, ஒன்றைத் தேர்ந்தெடு” என்று இந்த உலகம் கேட்டதுண்டா?

இதற்கு மாறான காட்சியும் உண்டு. இலண்டன் மாநகரிலே எடித் கேரட் என்ற அம்மையாரும் அவர் கணவர் வில்லியமும் சப்பானிய ஆசிரியரிடம் யுயுட்சு பயின்றார்கள். பின்னர் பள்ளியையே ஏற்று நடத்தினார்கள். ஆண்களுக்கு அவர், பெண்களுக்கும் சிறுவருக்கும் இவர். ஐந்தடி உயரம்கூட இல்லாத அந்த அம்மையார்தான், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய மகளிரின் மெய்க்காவல் படைக்கு, போலீசாரின் பிடியிலிருந்து நழுவும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். கணவனும் மனைவியும் ஒரே களத்திலே நின்றால் களம் கெட்டுவிடும் என்போர், அந்தச் சரித்திரத்தை ஒருமுறை படிக்கட்டும்.

நம் பிள்ளைகள் சுவரிலே படம் ஒட்டி வைத்திருக்கும் புரூஸ் லீயை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே அவர் நடத்திய குங்ஃபூ வகுப்பிலே லிண்டா எமரி என்ற பெண் பயின்றார். இருவரும் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள். அவர் சீனர், அவள் வெள்ளைக்காரி. அங்கே சாதிக்குப் பெயர் நிறம்! பெண்ணின் தாய் எதிர்த்தார். 1964 ஆகஸ்டு 17-இலே மணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு 23, மணமகளுக்கு 19. சியாட்டிலில் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அன்றைய அமெரிக்காவின் பல மாநிலங்களிலே இனம் மாறி மணப்பது குற்றம். அந்தச் சட்டங்கள் செல்லாவென்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் சொன்ன ஆண்டு எது தெரியுமா? 1967.

1967! நம்மவர்க்கு நினைவூட்டத் தேவையில்லாத ஆண்டு. 1953-இலே சென்னை உயர்நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆயிரமாயிரம் இல்லறங்களின் தலையிலே அன்று இடி விழுந்தது. அதே திருமணம் செல்லுமென்று அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் சட்டம் இயற்றியது 1967-இலேதான். உற்றார், நண்பர் முன்னிலையிலே மாலை மாற்றினாலும், மோதிரம் மாற்றினாலும், தாலி கட்டினாலும் மணம் மணமே. 2023-இலே உச்சநீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போய், இதற்கு ஊரறிய விழா எடுக்கவேண்டிய கட்டாயமும் இல்லை என்றது. 2018-இலே சக்தி வாகினி வழக்கிலே, இப்படி மணப்போரைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டுமென்று அதே நீதிமன்றம் அரசுகளுக்கு ஆணையிட்டது.

சட்டம் இருக்கிறது. திண்ணையிலே உட்கார்ந்த தந்தைக்குத் துணை நிற்க ஆள்தான் இல்லை. இதிலே நம்மவர் குறையும் உண்டு; சொல்லாமல் விட்டால் என் பேனா என்னை மன்னிக்காது. மேடையிலே சாதியொழிப்பை முழங்கிவிட்டு, வீட்டிலே மகனுக்குச் சம்பந்தம் பேசும்போது, “நம்ம ஆளுகளா?” என்று காதோடு காதாகக் கேட்கும் கரைவேட்டிகளை நான் அறிவேன். அவர்கள் என்னையும் அறிவார்கள்.

பெரியவர்களை இவ்வளவு கடிந்துகொண்டபின், இளைஞர்களைக் கடியாமல் விட்டால் நடுநிலை ஆகாது.

தம்பி! முதலிலே வயது. அந்தக் களத்திலே பெரும்பாலோர் பள்ளிப்பிள்ளைகள். 18 நிறையாத பெண்ணோடு உனக்கு என்ன காதல்? அவள் இசைந்தாள் என்று நீ சொன்னாலும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அந்த இசைவை இசைவாக ஏற்காது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் திருமணமும் இல்லை. வாத்தியாராக இருப்பவர்க்கோ வேறு பேச்சே கிடையாது. கற்றுக்கொடுப்பவரை நம்பித்தான் பெற்றோர் பிள்ளையை அனுப்புகிறார்கள். நம்பிக்கைப் பொறுப்பிலே இருப்பவர் சிறுமியிடம் தவறினால் சட்டம் இன்னும் கடுமையாகத் தண்டிக்கிறது. வயது வந்த மாணவியாகவே இருக்கட்டும், பட்டம் கொடுக்கும் கை, போட்டிக்குப் பெயர் எழுதும் கை, காதல் கடிதமும் எழுதினால், மறுக்கும் துணிவு அவளுக்கு எங்கிருந்து வரும்? புரூஸ் லீ செய்யவில்லையா என்று கேட்காதே. ஒரு நல்ல இல்லறம் அமைந்ததைக் காட்டி ஊருக்கெல்லாம் விதி எழுத முடியாது.

அடுத்தது, கை படுவது. சிலம்பத்திலே மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவார்கள், தோளைத் தட்டி நிற்க வைப்பார்கள், சோடி போட்டு மோதவிடுவார்கள். அது பயிற்சி. அதைச் சம்மதமென்று எண்ணிக்கொள்கிறவன் கம்பைத் தொடத் தகுதியற்றவன். எதிரே நிற்பவர் கம்பைத் தாழ்த்திவிட்டால் அதற்குமேல் அடி விழக்கூடாது அல்லவா? அவள், “எனக்கு விருப்பமில்லை” என்றால் கம்பைத் தாழ்த்திவிட்டாள் என்று பொருள். பின்னாலே அலையாதே, தெருமுனையிலே நிற்காதே, தோழியிடம் தூது விடாதே. நாளை அதே களத்திலே அவள் அச்சமின்றிக் கம்பு சுழற்ற வேண்டும்.

விருப்பம் இருபக்கமும் இருந்தால்? அப்போதும் ஒரு தொல்லை உண்டு. இதை அந்த வாத்தியார்தான் எனக்கு விளக்கினார். “அண்ணே, புடிச்சுப்போன பொண்ணை இவன் ஓங்கி அடிக்கமாட்டான். கம்பு வரும், ஆனா வேகம் வராது. அது அந்த மெது அடிக்கே தடுத்துப் பழகிடும். போட்டிக்குப் போனா எதிராளி தயவு பாப்பாளா? முட்டியில வாங்கிக்கிட்டு வரும்.” எவ்வளவு உண்மை! தொட்டால் புள்ளி என்ற தொடுமுறைப் போட்டியிலே, காதலன் காட்டிய கருணை காதலியைத் தோற்கடிக்கிறது. ஆகவே அவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்: பழகுகிறவர்கள் என்று தெரிந்தால் பயிற்சியிலே சோடி மாற்றிவிடுவார். திட்டமாட்டார், துரத்தமாட்டார், சோடியை மட்டும் மாற்றுவார். நூறு பக்க ஒழுக்க நூலைவிட இது எனக்குப் பிடித்தது.

மனம் முறிந்துபோனால் என்ன செய்வது என்றும் கேட்டேன். முறிவதும் உண்டே! “ரெண்டு பேரும் வரணும். ஒருத்தர் மேக்கால, ஒருத்தர் கெழக்கால நிக்கட்டும். யாரும் நிக்கக்கூடாதுன்னு மட்டும் சொல்லமாட்டேன்” என்றார்.

“இவ்வளவு தெளிவாகச் சொல்கிறீர்களே, இதை அந்தத் தந்தையிடம் சொன்னீர்களா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அதே தெருதான். அவருக்கும் அதே அச்சம்தான்.

மறுமுறை போனபோது தனியாகப் போகவில்லை. வாத்தியார் வந்தார். களத்திலே தம் பெண்களைச் சேர்த்திருந்த தாய்மார் நால்வர் வந்தார்கள். நால்வரும் ஒரே சாதியல்லர். அதுதான் அந்தத் திண்ணையிலே பெரிய பேச்சாக இருந்தது, நாங்கள் வாய் திறக்குமுன்பே. திருமணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவேண்டாம் என்று முன்னமே முடிவு செய்திருந்தோம். “போட்டிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. பொண்ணை அனுப்புங்க. போகும்போதும் வரும்போதும் எங்க புள்ளைங்களோட வரட்டும்” என்று வாத்தியார் கேட்டார். அவ்வளவுதான். தாய்மாரிலே மூத்தவர், “அண்ணே, நாளைக்கு எங்க வீட்டுப் பொண்ணுக்கும் இப்படி ஒரு பேச்சு கிளம்புச்சுன்னா, அதையும் உள்ள வைக்கச் சொல்லுவீங்களா?” என்றார்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. உள்ளேயிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். அன்றுதான் அவளை முதன்முறை கண்டேன். என்னிடம் பேசவில்லை, வாத்தியாரைப் பார்த்து, “தொடுமுறையா, தனித்திறமையா, எதுக்குப் பேரு குடுத்திருக்கீங்க?” என்று கேட்டாள்.

இப்போது காலையிலே வருகிறாளாம், அவன் மாலையிலே. தாய் உடன் வந்து புளியமரத்தடியிலே உட்கார்ந்திருக்கிறாராம். கல்யாணப் பேச்சுக்குத் தந்தை இன்னும் இசையவில்லை. “தை கழியட்டும், பாக்கலாம்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் விட்டுப்போன காலடி இன்னும் சரியாக வரவில்லை என்று வாத்தியார் தொலைபேசியிலே குறைபட்டுக்கொண்டார்.